நிறமில்லாமல் திரும்பி வந்த காற்று

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, கல்யாணமாகி திருவொற்றியூர்க் குப்பத்துக்கு வந்தேன். விடியற்காலையில் கரைக்காற்றில் கட்டுமரங்கள் வெளியே போகும். ரயில் என்ஜின் புகையும் பாக்டரிப் புகையும் அவற்றின் பின்னாலேயே கடலுக்குப் போகும். ஒழிந்தது சனியன் என்று நினைப்போம். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும். கட்டுமரங்கள் பாய் விரித்துத் திரும்பும். மீன் எடுக்கப் பெண்கள் கரையில் நிற்க வேண்டும். நிற்காதவள் வீட்டில் அடுப்பு எரியாது.

எனக்கு மூச்சு அடைத்தது அந்த நேரத்தில்தான். மேகம் மூடிய நாளில் ஒன்றும் இல்லை. வெயில் கொளுத்தி, வானம் கழுவி விட்டது போல் இருக்கும் நாளில், முதல் காற்று முகத்தில் பட்டதும் நெஞ்சு எரியும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. புகை இல்லை, தூசி இல்லை.

"இன்னாடி, கரையில போட்ட மீனாட்டம் வாயத் தொறந்துகினு கீறே?" என்பார் மாமியார்.

"நெஞ்சு எரியுது அத்தே."

"கூடை தூக்க வலிக்குதுன்னு சொல்லு. காத்து மேல பழி போடாதே."

கூடை விளிம்பில் சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்துக் கட்டியிருந்தேன். இழுபட்ட இடமெல்லாம் கத்தியால் கீறியது போல வெடித்தது. வீட்டில் சுருட்டி வைத்த மிச்சத் துண்டில் ஒரு கீறல் இல்லை.

குப்பத்தில் எல்லா நோவுக்கும் ஒரே மருந்து கடல்காற்று. மாமியார் என்னைக் கட்டுமரத்தின் மேல் கடலைப் பார்க்க உட்காரவைத்தார். "நல்லா இழு." இழுத்தேன். மணலில் விழுந்தேன்.

எழுந்து, கடலுக்கு முதுகைக் காட்டி ரயில் பாதைக்கு நடந்தேன். நின்றிருந்த கூட்ஸ் என்ஜின் முகத்தில் புகையைத் துப்பியது. அங்கே மூச்சு வந்தது. சுத்தமான காற்றில் போன மூச்சு கரிப்புகையில் வந்தது; என்ஜின் நகரும்வரை அங்கேயே நின்றேன்.

காலையில் கடலுக்குப் போன புகை வெயிலில் வெந்து, கண்ணுக்குத் தெரியாத ஓசோன் என்ற வாயுவாகிக் கடல்காற்றோடு திரும்புகிறது என்று இப்போது சொல்கிறார்கள். அது நெஞ்சை எரிக்குமாம், இழுத்துக் கட்டிய ரப்பரை வெடிக்க வைக்குமாம், புதுப் புகை பட்டால் கரைந்துவிடுமாம். அன்றைக்கு ஒருத்தனும் சொல்லவில்லை.

"அடுப்பு எரியாட்டி போவட்டும் அத்தே. நான் கரைக்கு வரமாட்டேன்" என்றேன். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அவரே போனார்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் மாமியார், மரங்கள் கரை சேரும் முன்பே காலிக் கூடையோடு திரும்பினார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கடல்பக்கத்துப் படலைச் சாத்துடி" என்றார்.

சாத்தினேன். புழுக்கத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஓலை சலசலத்தது.