பல்வலி என்று சொன்னது நான்தான்

போன சனிக்கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டே சொல்தான். அது என் நண்பரைக் கிட்டத்தட்ட வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டது!

ஆரோக்கியசாமி கோட்டையூரில் எனக்குப் பக்கத்து வீடு. கணக்கு வாத்தியார். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை. "போர்டுல கணக்கைப் போட்டுட்டு, அடுத்த வரி என்னன்னு தெரியாம நிக்கிறேண்ணே" என்றார் ஒருநாள். மனநல டாக்டரைப் பார்க்கலாமா என்றேன். உடனே சரி என்றார்.

காரைக்குடி பக்கம்தான், டவுன் பஸ்ஸே போகும். "அங்க வேணாம், எல்லாம் தெரிஞ்ச முகமா இருக்கும்" என்று தள்ளியிருக்கிற திருப்பத்தூருக்கு அவரை இழுத்துப் போனவன் நான். ஊர் வாய்க்கு நமக்குத்தான் எவ்வளவு பயம்!

கிளினிக்கில் நல்ல கூட்டம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். எதிர் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து கும்பிட்டார். "சார், எம் மகன் உங்ககிட்டதான் படிச்சான். என்ன இங்குட்டு வந்திருக்கீக?"

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பல்வலிக்கு வந்தோம்..."

"பல்லுக்கு மாடியில சார். இது மனசுக்குப் பாக்குற எடம்."

வாத்தியாரின் முகம் சுண்டிப்போனது. எழுந்தார். மாடிக்குப் போகவில்லை — நேரே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"நீங்களே மறைக்கிறீக. அப்ப இது அசிங்கம்தானே?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் அந்தப் பெண்ணே தேடி வந்துவிட்டார். "சார், நானும் மூணு வருசமா வாரேன். மொதல்ல ரெண்டு தடவை வாசலோட திரும்பிப் போனவதான். உங்க எடத்துல எம் பையை வச்சிருக்கேன், வாங்க."

வாத்தியார் திரும்பி அந்தப் பெண்ணோடு கிளினிக்குக்கு நடந்தார்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். மாத்திரை எதற்கு, முதல் வாரம் எப்படி இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். புதன்கிழமைகளில் அவர் உட்காருவது எங்கே தெரியுமா? காரைக்குடியில்!

நல்ல வைத்தியம் என்றால் டாக்டரின் கைராசியைப் பேசுகிறோம். அந்தக் கதவுவரை ஒருவர் வந்து சேர வேண்டாமா? வழியில் எத்தனை தடை... அதில் ஒன்று துணைக்கு வருகிறேன் என்று கூடவே பஸ் ஏறுகிறது.

திரும்பும்போது வாத்தியார் சொன்னார்: "அடுத்த தடவை காரைக்குடிக்கே போயிருவோம். உங்களுக்குக் கூச்சமா இருந்தா சொல்லுங்கண்ணே... நான் மட்டும் போயிட்டு வாரேன்."