பேன் கேட்ட சின்னம்மா

உன் மச்சாள் கனடாவிலிருந்து வந்து மூன்று நாளில் சந்தையையே வாங்கிவிட்டாள் என்று குறைப்படுகிறாய், பிள்ளை. வாங்கட்டும். கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் பெட்டிக்குள் அடைக்கட்டும். பார்க்கிற கடையிலெல்லாம் சாப்பிடட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த என் சின்னம்மா கடைக்குக் கூட்டிப்போய் எனக்குச் செய்த வேலையைக் கேட்டால், உன் மச்சாளைத் தெய்வம் என்பாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது சண்டைக் காலம். யப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டு இரண்டு வருஷம் இருக்கும். எனக்கு எட்டு வயது. வீடு நிலாவெளியில். அரிசி கூப்பனுக்குத்தான், அதுவும் கொஞ்சம். மிச்ச நாளெல்லாம் கோதுமை மா. அம்மா அந்த மாவில் பிட்டு அவித்தால் குழலை விட்டு இறங்காது. அப்பா ஒருநாள் குழலோடு தூக்கி முற்றத்தில் எறிந்தார், நாய்கூட மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதை விடு.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கலியாணம் முடித்த கையோடு புருஷனுடன் கல்கத்தாவுக்குப் போனவர். சின்னையாவுக்கு அங்கே கப்பல் கொம்பனியில் கிளாக்கர் வேலை. ஆறு வருஷத்துக்குப் பிறகு, சித்திரை வருஷப்பிறப்புக்கு என்று தனியே ஊர் வந்தார். காப்பும் சங்கிலியுமாக இறங்குவார் என்று தெருவே காத்திருந்தது. இறங்கியது கன்னம் ஒட்டிய ஒரு மனுஷி. ஆனாலும் வந்த அன்றே என் நாடியைப் பிடித்துச் சொன்னார், வருஷத்துக்கு எனக்கு டவுனில் சட்டைத் துணி வாங்கித் தருவதாக. இரண்டு வருஷமாக அம்மாவின் பழஞ்சேலையை வெட்டித் தைத்த சட்டைதான் எனக்கு வருஷச் சட்டை. விடுவேனா? ஒரு வீடு தவறாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

காலை பஸ்ஸில் போனோம். துணிக்கடைக்கு நேரே போனாரா? இல்லை. முதலில் இறங்குதுறை. கட்டைபறிச்சான் பக்கத்திலிருந்து வள்ளத்தில் எருமைத் தயிர் வரும். ஒரு சட்டி வாங்கி, அங்கேயே மரத்தடியில் குந்தியிருந்து, விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டார். மூடியிருந்த இலையையும் நக்கினார். பிறகு தேத்தண்ணிக் கடை. இரண்டு வடை வாங்கி ஒன்றரை சாப்பிட்டுவிட்டு, அரை வடையை முந்தானையில் முடிந்தார்.

"சின்னம்மா, ஆக்கள் பாக்கினம்," என்றேன்.

"பாக்கட்டும்," என்றார்.

பிறகு வாங்கினார் பார், குரக்கன், மரவள்ளிக்கிழங்கு, பனங்கட்டி. வாயில் போடக்கூடியது எதைக் கண்டாலும் வாங்கினார். வளையல் கடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவ்வளவையும் சாக்கில் சுமந்தது நான். துணிக்கடை கண்ணுக்குத் தெரிந்தபோது சாக்கின் பாரமே எனக்குப் போய்விட்டது. மஞ்சளில் நீலப் பூப்போட்ட சீத்தைத் துணி வாசலில் தொங்கியது. அதுதான் என் துணி என்று அங்கிருந்தே முடிவு செய்துவிட்டேன்.

கடைக்கு முன்னால், துறைமுக வேலைக்கு வந்த ஆட்களுக்குச் சமைக்கிற கொட்டில் ஒன்று இருந்தது. சமையற்காரன் பெரிய சோற்றுக் கிடாரத்தைச் சரித்து, வடித்த கஞ்சியைத் தெருவோரக் கானில் ஊற்றிக்கொண்டிருந்தான். சின்னம்மா என் கையை உதறிவிட்டு ஓடினார்.

"பேன்," என்றார். "அண்ணை, பேன், பேன். ஊத்தாதேங்கோ."

சமையற்காரன் திகைத்துப் போனான்.

"பேனோ? ஆரின்ர தலையில, தங்கச்சி?"

வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் தன் தலையைச் சொறிந்து காட்டி, தன்னிடம் வேண்டிய அளவு இருப்பதாகச் சொன்னான். சின்னம்மாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. கையிலிருந்த வெறும் தயிர்ச்சட்டியைக் கிடாரத்துக்குக் கீழே பிடித்து நிறைத்தார். சுடச்சுடக் கையில் வைத்துக்கொண்டு தெருவின் அந்தத் தலைப்பைப் பார்த்தார், இந்தத் தலைப்பைப் பார்த்தார். யாரோ வரவேண்டும் என்பதுபோல. யாரும் வரவில்லை. பிறகு என்னை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். துணிக்கடைக்கு இருபது அடி தூரம்கூட இல்லை, பிள்ளை! கத்தினேன், நிலத்தில் குந்தினேன், அவர் கையைக் கடித்தேன். அவர் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிலாவெளி வரைக்கும் வாய் திறக்கவில்லை.

நான் திறந்தேன். வந்து இறங்கினதும் கிணற்றடிக்குப் போய், தண்ணீர் அள்ளுகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சின்னம்மாவின் தலை முழுக்கப் பேன், போதாதென்று டவுனிலும் கேட்டு வாங்கப் போனவ என்று. நன்றாகப் பற்றியது. அன்றே பெண்டுகள் தங்கள் பிள்ளைகளை எங்கள் வளவுக்கு விடவில்லை. வருஷத்துக்குத் தலையில் வைத்து முழுகுகிற மருத்துநீர் தர வந்த மனுஷி படலைக்கு வெளியே நின்று செம்பை நீட்டினாள். எனக்குச் சட்டை இல்லை, சரி. அவருக்கும் வருஷம் இல்லை. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

அம்மாவுக்கு மானம் போய்விட்டது. பேன்சீப்பும் மண்ணெண்ணெயுமாக வந்து முற்றத்தில் சாக்கை விரித்தார்.

"இரு தங்கச்சி, தலையைப் பாப்பம்."

சின்னம்மா மறுக்காமல் இருந்தார். அம்மா வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு ஈர்கூட இல்லை. சீப்பு இழுத்த இடமெல்லாம் முடிதான் கொத்துக் கொத்தாக வந்தது. அம்மா எழும்பி வந்து எனக்கு முதுகில் ஒன்று போட்டார்.

"பொய்யே சொன்னனி?"

"நான் சொல்லேல்லை. அவதான் கேட்டவ, பேன் பேன் எண்டு."

அம்மா திரும்பிப் பார்த்தார். சின்னம்மா சாக்கைப் பார்த்தபடி சொன்னார்.

"அங்க கஞ்சித் தண்ணிக்கு அப்பிடித்தான் சொல்லுறது, அக்கா. போன வருஷப் பஞ்சத்தில அதையே கேட்டுக் கேட்டு, நம்மட சொல் வாயில வரேல்லை." பிறகு சொன்னார். "நாட்டுப்புறத்துச் சனம். அரிசி இல்லாமல் டவுனுக்கு வந்ததுகள். சோறு ஒண்டும் கேக்கேல்லை, அக்கா. சோறு கிடையாதெண்டு தெரியும். வடிச்ச தண்ணியைத்தான் கேட்டதுகள். விடிஞ்சால் வாசல்ல அந்தச் சத்தம்தான்."

அம்மாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"நீ குடுத்தனியோ?" என்று கேட்டார்.

சின்னம்மா சாக்கில் கிடந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி விரலில் சுற்றினார். அம்மா இரண்டாம் தரம் கேட்கவில்லை.

முதுகைத் தடவிக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் மெத்தக் கோபம் வந்தது. கொடுத்தால் ஓம் என்கிறது. கொடுக்காவிட்டால் இல்லை என்கிறது. ஒரு சொல் சொல்ல ஏலாமல் இவ்வளவு பெரிய மனுஷி ஏன் இப்படி இருக்கிறா என்று...

பொறு பிள்ளை, தூறல் விழுகிறது. முற்றத்தில் மிளகாய் காயக் கிடக்கிறது. அந்தச் சுளகை எடு, கெதியாய்.