சாம்பிள் பாட்டிலில் என் பால்

கடைகளுக்குப் போய்த் திரும்பி வரும் பால் ட்ரேக்களைக் கழுவ ஒரு இயந்திரம் இருக்கிறது. அதற்கு அடியில் உள்ள வடிகால் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். உடைந்த பாக்கெட்டுகளிலிருந்து கசிந்த பால் புளித்துத் திரிந்து, சளி மாதிரி குழாய்க்குள் இறுகிப் போயிருக்கும். அதற்குள் செத்த கரப்பான், பாக்கெட்டின் வெட்டிய முனைகள், ஒரு தடவை யாருடைய சீப்போ. முழங்கை வரைக்கும் கையை விட்டு அதை வழித்து எடுப்பது பராமரிப்புப் பிரிவு மெக்கானிக்கான என் வேலைகளில் ஒன்று. கையுறை தருவார்கள். அது மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும்.

மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள் நான். மேலப்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து, சேரன்மகாதேவி சாலையில் இருக்கும் இந்தப் பால் ஆலைக்கு வந்து போகிறேன். பேக்கிங்கில் பெண்கள் உண்டு. பராமரிப்பில் நான் ஒருத்திதான். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது மகனுக்கு ஆறு மாதம். பவுடர் பாலை ஒருமுறை கொடுத்துப் பார்த்து, வயிற்றுப்போக்கில் துவண்டு போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதற்குப் பிறகு மறுபடி கொடுக்க எனக்குத் துணிவில்லை. கேப்பைக் கூழை இரண்டு வாய் வாங்குவான், மூன்றாவதைத் துப்புவான். ஆகவே ஷிஃப்டுக்கு நடுவில் நான் பீய்ச்சி எடுத்துப் போகும் பால்தான், மறுநாள் நான் இல்லாத நேரத்தில் மாமி, என் கணவரின் அம்மா, அவனுக்குக் கொடுக்கும் பால். ஒரு நாள் கொண்டுபோகாவிட்டால் மறுநாள் பிள்ளை பசியில் கத்துவான். கணக்கு அவ்வளவுதான்.

எடுப்பதற்கு இடம் பெண்கள் கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டு, ஈரத் தரையில் செருப்பு ஒட்ட, மூத்திர நாற்றத்துக்கு நடுவில் நின்று எடுப்பேன். அதற்கு முன் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுவேன். கழுவிவிட்டு மோந்து பார்ப்பேன். வடிகாலின் வாடை போயிருக்கும். ஆனாலும் போகவில்லையோ என்று தோன்றும். அந்த வாடை பாலில் இறங்கி, பிள்ளை வயிற்றுக்குப் போகிறதோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைப்பேன்.

ஆய்வுக்கூடத்துப் பொறுப்பில் இருந்த மேடம் நல்ல மனுஷி. கொதிநீரில் போட்டு எடுத்த சாம்பிள் பாட்டில்களை அவரே கொடுத்து, "ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வச்சிக்கோங்க, யாரும் தொட மாட்டாங்க" என்றார். இது நடந்த அன்றைக்கு அவர் விடுப்பு. அவருக்குப் பதிலாகப் புதிதாக வந்த பையன் இருந்தான். அவர் இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நான் பாட்டிலை வைத்திருக்க வேண்டுமோ? பாட்டிலில் வெள்ளை டேப் ஒட்டி என் பெயரை எழுதியிருந்தேன். ஃப்ரிட்ஜின் ஈரத்தில் அது உரிந்திருக்கும். ஒட்டினேன் என்பது எனக்கு நிச்சயம்தான். இருந்தும் இன்றுவரை அதை யோசிக்கிறேன்.

பாக்கெட் நிரப்பும் இயந்திரத்தில் ஓரம் ஒட்டும் பட்டையை மாற்றிக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்து ஜன்னல் பக்கத்தில்தான். பையன் போனில் கத்துவது கேட்டது.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணுதீரு? பாலா வே இது? தண்ணிய ஊத்திட்டு, தெரியாம இருக்கச் சீனிய வேற போட்டிருக்கீரு! மிஷின்ல வச்சும் பாத்துட்டேன், வாயில வச்சும் பாத்துட்டேன். பாயசம் மாதிரி இனிக்கி."

மறுமுனையில் பால் சேகரிப்பு மையத்துக்காரர் போடும் சத்தம் என் காது வரைக்கும் வந்தது. பையன் கையில் இருந்தது என் பாட்டில். பாதிக்கு மேல் காலி. நான் ஸ்பேனரோடு ஜன்னலுக்குப் போனேன்.

"தம்பி, அது சென்டர் பால் இல்ல."

"பின்ன?"

"என்னோடது."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க மாடு வச்சிருக்கியளாக்கா?"

நான் பாட்டிலை வாங்கக் கையை நீட்டினேன். அவனுக்கே கொஞ்ச நேரத்தில் புரிந்தது. போனைக்கூட அணைக்காமல் சிங்க்குக்கு ஓடி, மிச்சத்தைக் கொட்டி, காறித் துப்பி, கொப்புளித்து, மறுபடி துப்பினான். "ஏலே, என்னலே சத்தம்?" என்று போன் மேஜையில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன்தான் முதலில் சிரித்தார். "ஏலே, இனிமே அக்கான்னு கூப்பிடாத. அம்மான்னு கூப்பிடு."

"கொழுப்பு எவ்வளவுலே காட்டிச்சு?" என்று கூலிங் பிரிவிலிருந்து ஒருத்தர். "சொன்னா ரேட்டு போட்டுருவோம்லா."

பேக்கிங் பெண்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சட்டைக்குள் ஏதோ ஊர்வது போல இருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் கழுவ முடியவில்லை. வடிகால் அழுக்கையாவது கழுவிவிடலாம்.

மேனேஜர் வந்தார். சிரித்தவர்களை ஒன்றும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜைக் காலி பண்ணி குளோரின் போட்டுக் கழுவச் சொன்னார். பையன் பயன்படுத்திய கண்ணாடிச் சாமான்களை ஒரு பையில் போட்டுக் குப்பைக்கு அனுப்பினார்.

"ஹைஜீன்மா. ஆடிட்காரன் வந்து கேட்டா நான் என்ன சொல்ல முடியும்?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜில் சொந்தப் பொருள் வைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு பேர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்தக் கீழ்த்தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். எந்த மாட்டுடையது என்றே தெரியாத பாலை எல்லோரும் டம்ளரில் மோந்து, ருசித்து, துப்பிக்கொண்டிருக்கிற இடம் அது. புளித்த அழுக்குக்குள் கையை விட்டுவிட்டு நான் நேராக நிரப்பும் இயந்திரத்துக்குப் போகிறேன். கழுவினாயா என்று ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை.

வெறும் பாட்டிலோடு வீட்டுக்குப் போனேன். மாமியிடம் சொல்லாமல் இருக்க முடியாது. முழுவதையும் கேட்டுவிட்டு, பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பய முழுங்கினானா?"

"துப்பிட்டான் மாமி."

"முழுங்கினாலும் நம்ம மார்க்கம் சொல்லுத பால்குடி உறவெல்லாம் வராது. சின்னப் புள்ளையில குடிச்சாத்தான் அது சேரும். மீச வச்ச தடியன் குடிச்சா உன் மவனுக்கு அண்ணனாயிர மாட்டான்." நான் சிரிக்காததைப் பார்த்து, "ஏளா, நாளைக்குப் புள்ளைக்கு என்ன குடுக்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் பஸ்ஸில் இருக்கும்போதே மாமியின் போன் வந்தது. அவர் குரலை விட அவன் அழுகைதான் பெரிதாகக் கேட்டது.

ஐஸ் போட்ட பையோடு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். தாழ்ப்பாள் உள்ள ஒரு இடம் வேண்டும் என்றேன். "அதான் லேடீஸ் பாத்ரூம் இருக்கே," என்றார். மின் பேனல் அறையைச் சொன்னேன். மோட்டார்களை ஓட்டும் டிரைவ் என்ற மின்கருவிகளுக்குச் சூடு ஆகாது, தூசி ஆகாது என்று அதற்கு ஏசி போட்டு, தரைக்கு டைல்ஸ் பதித்து வைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்காரர்களிடம் சாவி உண்டு. "பாப்போம்," என்றார்.

அவர் பார்க்கும்வரை பால் காத்திருக்காது. மதியம் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டேன். கதவுக் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டினேன். டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். நெஞ்சு கல்லாகக் கனத்தது, பால் இறங்கவில்லை. முந்தின நாள் சிரிப்பு காதில் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. ஃபோர்மேன் அண்ணன்.

"எம்மா! பாக்கெட் ஓரம் ஒட்ட மாட்டேங்கு. பால் பூரா தரையில ஓடுது. சீக்கிரம் வா!"

நான் நேற்று மாற்றிய பட்டை. சரியாக முறுக்கவில்லையோ? பாதி எழுந்துவிட்டேன். அப்படியே நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"இப்ப வர முடியாதுண்ணே. மிஷின் சுவிட்ச அணைச்சிப் போடுங்க."

"உள்ள என்னதான் பண்ணுத?"

"பால் எடுக்கேன்."

சத்தமாகவே சொன்னேன். வெளியே மேனேஜரின் குரல், "என்ன சொல்லுது?" என்று கேட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நாளைக்கு வேலை இருக்குமா, செய்தது சரியா என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அப்போதுதான் பால் இறங்க ஆரம்பித்தது. முதலில் சொட்டு, பிறகு மெல்லிய தாரை. மறுபடி தட்டினார்கள். ஒரு வேளைக்குக் காணாது, இன்னும் வேண்டும். குனிந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.