ஃப்ளோராக்கா சொன்னா சரி

"செருப்பை அங்க வுடுங்க. ஃபோனைப் பையில போடுங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, ஆனா நான் மூச்சு வாங்கும்போது கேளுங்க."

இதைச் சொல்லிக்கொண்டேதான் ஃப்ளோரா பூட்டைத் திறப்பார். கடற்கரை உப்புக் காற்றில் துரு ஏறிய கதவு ஒரே தள்ளலில் வழிவிடாது. தோளால் ஓர் இடி, இடுப்பால் ஓர் இடி, "தொறந்துடு ராசா, ஆளுங்க நிக்கறாங்க இல்ல" என்று ஒரு கெஞ்சல். கதவு திறந்ததும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே போய் விளக்கைப் போட்டு, வெளியே நிற்பவர்களைத் தலையாட்டிக் கூப்பிடுவார். திங்கள் தவிர எல்லா நாளும் காலை பத்து மணிக்கு இது நடக்கும்.

சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் போகிற வழியில் இருக்கிறது கரைகாத்த மாதா கோயில். அதன் பின்கட்டில் இரண்டே அறைகளில் ஓர் அருங்காட்சியகம். அதற்குக் காவல், துடைப்பம், வழிகாட்டி எல்லாமே அறுபத்தொன்பது வயது ஃப்ளோராதான். ஒரு பள்ளியில் முப்பது வருஷம் மணியடித்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து கொண்டுவந்த சொத்து, ஒரு மர ஸ்கேல். எந்தப் பொருளையும் அதை நீட்டித்தான் காட்டுவார். விரலால் காட்டினால் தொடத் தோன்றுமாம்.

டெல்லி உறவினர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பித்தான் நான் முதல்முதலில் அவரிடம் மாட்டினேன். மந்தைவெளியில் முப்பது வருஷம் பத்திரிகைக்காரனாகக் குப்பை கொட்டியும் அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை, வெட்கக்கேடு! அவர் பேசும்போதே குறுக்கே ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். "தோ, இவருக்கு அவசரம். பஸ்ஸு போய்க்கினு கீது போல" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினார். அடுத்த ஞாயிறே தனியாகப் போய் ஒழுங்காகக் கேட்டேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது.

உள்ளே இருப்பவை அதிகமில்லை. ஜரிகை கருத்த பூசை உடுப்பு, வெடிப்பு விட்ட மணி, ஒரு கை போன தந்தத்துக் குழந்தை இயேசு, போர்த்துகீசிய எழுத்து வெட்டிய கல்லறைப் பலகை. அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சவங்க ரெண்டு பேரு வந்தாங்க, ரெண்டு பேரும் வேற வேற சொன்னாங்க. அதனால இப்போதைக்கு இது கல்லு" என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். ஒரு நாள் சுற்றுலா வழிகாட்டி ஒருவர் வெள்ளைக்காரக் குடும்பத்தைக் கூட்டிவந்து, மணியைக் காட்டி ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு என்று அளந்துகொண்டிருந்தார். ஸ்கேல் சடாரென்று குறுக்கே நீண்டது.

"இன்னாய்யா, ரெண்டாயிரமா? நீ பக்கத்துல நின்னு எண்ணிக்கினு இருந்தியா?"

அந்த ஆள் அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கோயிலைச் சுற்றியிருக்கும் சந்துகளில் யாருக்காவது எதிலாவது சந்தேகம் வந்தால், யாராவது ஒருவர், "ஃப்ளோராக்கா சொன்னா சரி" என்று வழக்கை முடித்துவிடுவார்கள். இதைக் கேட்கும்போது அக்கா முந்தானையை மட்டும் சரிசெய்துகொள்வார். பெருமை அவ்வளவு.

இரண்டாவது அறையில் இருப்பதுதான் அவர் உயிர். நாலடி உயர மர மாதா. புதுச் சுரூபம் பீடத்துக்கு வந்தபோது, பதினோரு வருஷத்துக்கு முன், இதை இங்கே இறக்கினார்கள். இரண்டு கையும் மணிக்கட்டோடு போய்விட்டன. முகத்தில் மட்டும் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டுப் பேசப்போகிற மாதிரி ஒரு களை. "கார்மேல் மாதா" என்று பிரகடனம் செய்வார் ஃப்ளோரா. "அங்கி பழுப்பு. பழுப்பு அங்கின்னா கார்மேல் மாதா. அதுல இன்னா சந்தேகம்? பெரிய மியூசியத்துல எல்லாம் சாமிங்க கண்ணாடிக்குள்ள கீறாங்க. இங்க எங்ககூட கீறாங்க." அவர் கையாலேயே எழுதிய அட்டையும் காலடியில் இருக்கும்: கார்மேல் மாதா. மரம்.

போன ஆடியில் இந்த மர மாதாவின் அடிப்பீடத்தில் செல்லரிக்கிறதா என்று பார்க்க வஜீஹா வந்தாள். பழைய ஓவியம், சிற்பங்களைப் பழுது பார்க்கப் படித்த பெண். ராயப்பேட்டைக்காரி, இருபத்தேழு வயதிருக்கும். தலைமுக்காடு மேல் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு, பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, வாயில் வைத்து ஈரப்படுத்தி, அங்கியின் கீழ்விளிம்பில் மெல்ல உருட்டினாள். ஃப்ளோராக்கா அலறிவிட்டார்.

"ஐயோ! மாதா மேல எச்சிலா?"

"அழுக்குக்கு முதல்ல இதான் ஆன்ட்டி. உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க. எடுத்ததும் மருந்து போட்டா பெயிண்ட்டும் சேர்ந்து வந்துடும்."

எச்சிலுக்கு அது அசையவில்லை. சின்னப் புட்டியிலிருந்து சொட்டு மருந்து தொட்டுத் தேய்த்தாள். பஞ்சு பஞ்சாகப் பழுப்பு வந்துகொண்டே இருந்தது. எட்டாவது பஞ்சுக்கு அடியில் நகமளவு இடத்தில் நீலம் தெரிந்தது. நல்ல, கண்ணைப் பறிக்கிற நீலம்.

"இது பழுப்பு பெயிண்ட் இல்லையே" என்றாள் வஜீஹா. "பழைய எண்ணெய். யாராவது இதுக்கு எண்ணெய் தடவுவாங்களா?"

நான் ஃப்ளோராக்காவைப் பார்த்தேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

"நான்தான்" என்றார். "எங்க சந்துக் குடும்பங்களுக்கு எண்ணெய் முறைன்னு ஒண்ணு கீது. திருவிழாவுக்கு முந்தி மரம் வெடிக்காம இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவோம். எங்கம்மா தடவினாங்க, அவங்கம்மா தடவினாங்க. இங்க கொண்டாந்தப்புறம் கதவைச் சாத்திக்கினு நானே தடவறேன்."

"பாசத்துல பண்ணினதுதான் ஆன்ட்டி. ஆனா எண்ணெய் மேல மெழுகுவத்திப் புகை, தூசின்னு படிஞ்சு படிஞ்சு இப்படி ஆயிடுச்சு."

"அப்போ கார்மேல் மாதா இல்லியா?"

"தெரியாது. இந்த இடத்துல மட்டும் நீலம். மிச்சத்தைச் சுத்தம் பண்ணினாதான் சொல்ல முடியும். ஆறு மாசமாவது ஆகும்."

ஃப்ளோராக்கா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்வோமே என்று, "நிறம்தானே அக்கா, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றேன்.

"நிறந்தானேவா?" என்று சீறினார். "பதினோரு வருஷமா என் வாயால கேட்டு நம்பிக்கினு போயிருக்காங்க. நீ பத்திரிகையில தப்பா போட்டா மறுநாள் திருத்தம் போடுவியா மாட்டியா?"

"போடுவோம்" என்றேன். கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடிக்கும் தெரியாத எழுத்தில் போடுவோம் என்பதை விழுங்கிக்கொண்டேன்.

எழுந்து போய் முதலில் அந்த அட்டையைக் கிழித்தார். புது அட்டை எழுதினார்: மாதா. மரம். அங்கியின் நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்புறம் வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துப் பின்னாலிருந்து புரட்டினார். கொல்கத்தா, லிஸ்பன், கோட்டயம், மறுபடி லிஸ்பன். போன வியாழக்கிழமைப் பக்கத்தில் விரல் நின்றது. ஆதம்பாக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று, நாலாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.

"லிஸ்பனுக்குப் போவ முடியாது. ஆதம்பாக்கம் போலாம் இல்ல?"

"ஒரு ஃபோன் போட்டா போதுமே அக்கா."

"தப்பை நேர்ல சொன்னேன். ஃபோன்ல திருத்துவாங்களா?"

மறுநாள் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, வேளச்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போனோம். ரயிலில் ஜன்னலோரம் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. சொல்லப்போவதை ஒத்திகை பார்க்கிறார்! நான் எழுதி எழுதிச் செய்த தப்புகளுக்கு இப்படி ஒரு நாளாவது ரயில் ஏறியிருக்கிறேனா? இந்தப் பெண்மணி இருக்கிற பேட்டைக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பாசிரியர் தங்கவேல் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்குப்போய் இவ்வளவு தூரமா வந்தீங்க மேடம்? நானே பசங்ககிட்ட சொல்லிடறேனே" என்று சங்கடப்பட்டார்.

"தப்பா சொன்ன வாய் இது சார். இதான் சொல்லணும்."

கரும்பலகைக்கு முன்னால் நின்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், வகுப்புக்குள் நின்று பேசுவது அன்றுதான் முதல் தடவையாம். எண்ணெய் முறை, எட்டுப் பஞ்சு, நீலம் எதையும் விடாமல் சொன்னார். "நான் பழுப்புன்னு சொன்னது தப்பு. எண்ணெய் தடவினது நானு. கார்மேல் மாதாவா, வேற மாதாவா, எனக்கு இப்போ தெரியாது." பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொள்வதைப் பிள்ளைகள் அவ்வளவாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. இரண்டு பேர் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பெஞ்சில் ஏறி நின்றார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "எண்ணெய் வெச்சதுக்கு உங்களைத் திட்டினாங்களா மிஸ்?"

"இல்லடா கண்ணு. அதான் ஜாஸ்தி வலிச்சுது."

ஃபிசா என்ற சிறுமி நோட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அன்றைக்குப் பார்த்ததைப் படமாக வரைந்திருந்தாள். பக்கம் முழுக்க மாதா, தலையிலிருந்து கால்வரை அப்பிய பழுப்பு. இன்னொரு கையில் நீலக் கிரேயான் தயாராக இருந்தது. "முழுசா நீலமா மாத்திடட்டுமா மிஸ்?"

"இரு, இரு" என்றார் ஃப்ளோராக்கா. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அங்கியின் கீழ்விளிம்பில் பழுப்பை நகத்தால் கொஞ்சமாகச் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் மட்டும், கோடு தாண்டாமல், நீலத்தை வைத்து அழுத்தினார். தூரத்தில் பிடித்து ஒரு தடவை பார்த்தார். பிறகு கிரேயானை அவளுடைய டப்பாவிலேயே போட்டு, மூடியை அழுத்தி மூடினார்.