பக்கத்து சீட்டு பிரேக்

என் மகள் காரைப் பின்னால் எடுத்து நிறுத்துவதைப் பார்க்க ஏழு ஊர் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள். சரி, டிக்கெட் கிடையாது. ஏழு ஊரும் கிடையாது. எதிர்வீட்டு மாடியில் இருக்கும் தபால்காரர் பல் தேய்த்தபடி பால்கனியில் நின்று பார்ப்பார். ஒருமுறை வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் நான் கொஞ்சம் பெருக்கிவிட்டேன்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். அந்தக் காரில் கற்பவர் காலடியில் ஒரு பிரேக், இவள் காலடியில் இன்னொரு பிரேக். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டால் இவள் வேறு பிறவி. நிறுத்தியிருக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு நாய் யோசித்துக்கொண்டிருப்பது இவளுக்குத் தெரியும். முன்னால் போகும் ஸ்கூட்டர்காரர் திரும்பப் போகிறார் என்பது அவருக்கே தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரியும். மற்ற ஆசிரியர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்த ஆட்களையெல்லாம் இவளிடம்தான் தள்ளுவார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே அழுகிற ஒரு வங்கி மேலாளரை இவள் சிரிக்கவைத்தே ஓட்டவைத்தாள்.

காரை விட்டு இறங்கினால்தான் வம்பு. வீட்டில் ஜன்னலோரம் ஒன்று, துணி துவைக்கும் மெஷின் மேல் ஒன்று, குளியலறையில் ஒன்று என்று பாதி குடித்த காபிக் கோப்பைகள் எங்கும் ஆறிக் கிடக்கும். அதனால் நான் வைத்த பெயர் ‘அரைக்கோப்பை’. கத்தரிக்கோல் வேண்டுமானால் ஃபிரிட்ஜில் தேட வேண்டும். மின்கட்டணம் பற்றிப் பேச ஆரம்பித்தவள் திமிங்கலம் எப்படித் தூங்கும் என்பதில் போய் நிற்பாள், கட்டணம் அப்படியே நிற்கும். இதற்கெல்லாம் எங்கள் குடும்பத்தில் இருந்த ஒரே விளக்கம், “அவ அப்படித்தான்.” வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் இந்தக் கதைகளைப் பலகாரம் போலப் பரிமாறுவது என் வேலை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பேசுவதற்குக் காசு கேட்பாரோ என்று நினைக்கும்படியான மனிதர். ஆனால் தினமும் காலையில் கதவருகே நின்று, “சாவி. போன். தண்ணி. கண்ணாடி,” என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவாள். போன வருடம் வெளியூரில் கட்டிக்கொண்டிருந்த பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மாட்ட அவருடைய கம்பெனி அவரை அரை வருடத்துக்கு அனுப்பிவைத்தது. மாப்பிள்ளை போன சில வாரங்களிலேயே என் மகளின் வாழ்க்கை திருகாணி கழன்ற நாற்காலி மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது.

ஒருநாள் காலை அவளிடம் கற்கும் ஒரு அம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவர். விடுப்பு எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று, இவள் காருக்காகக் காத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், இவள் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். வழியில் மேட்டுச் சாலையில் ஒரு இளைஞர் புதுக் காரை ஏற்ற முடியாமல் பின்னால் உருண்டுகொண்டிருந்தார். சுற்றிலும் ஹாரன். இவளுக்குப் பொறுக்குமா? தன் காரை ஓரம் கட்டினாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்று இரண்டு உள்ளங்கைகளையும் உரசிக் காட்டினாள். கீழே இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள், பிறகு மறுபடியும். அந்த இளைஞர் பாட்டுப் பாடிக்கொண்டே மேடேறிப் போன சமயம், டெஸ்ட் மைதானத்தில் கேட்டை மூடிக்கொண்டிருந்தார்கள்.

டெஸ்ட்டுக்குப் போக வேண்டிய ஆளை இவள் இப்படிக் கோட்டை விடுவது அது முதல் தடவையல்ல. டிரைவிங் ஸ்கூல் முதலாளி கூப்பிட்டு நிறுத்தினார்.

“மேடம், நீங்க சொல்லிக்குடுக்கறதுல நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனா சொல்லிக்குடுக்க ஆள் வந்து சேரணுமில்ல? இனிமே டெஸ்ட்டுக்கு நீங்க யாரையும் கூட்டிட்டுப் போக வேண்டாம். இன்னொரு தடவை யாராவது வாசல்ல நின்னாங்கன்னா, சாவியை இந்த மேசைமேல வச்சிட்டுக் கிளம்பிடுங்க.”

“வச்சிடறேன் சார்,” என்று பையைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இல்லை. அது வெளியே, காரிலேயே, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, தொங்கிக்கொண்டிருந்தது.

சண்டை போடுவதற்கென்றே டாக்ஸி பிடித்து வந்திருந்த மருந்தகத்து அம்மா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களை நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் வந்தேன். இப்ப வேற ஒரு கேள்வி. சின்ன வயசிலேர்ந்தே இப்படித்தானா?”

“ஆமாங்க.”

“என் தம்பியும் இப்படித்தான். போன வருஷம்தான் ஏடிஎச்டி, அதான் கவனம் ஒரு இடத்துல நிக்காத குறைபாடுன்னு கண்டுபிடிச்சாங்க, தலையெல்லாம் நரைச்சப்புறம். ஒரு மனநல டாக்டரைப் போய்ப் பாருங்க. திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன்.”

அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, என் காபியைப் பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்.

“அது சின்னப் பசங்களுக்கு வர்றதுடி,” என்றேன். “நாற்காலி மேல ஏறிக் குதிக்குங்களே, அதுங்களுக்கு. நீ எங்க குதிக்கிறே? மாடி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது.”

“உள்ள குதிக்குதும்மா.”

“உனக்காடி கவனம் இல்லை? பக்கத்து வீட்டுல பாத்திரம் விழுந்தா, என்ன பாத்திரம்னு சத்தத்தை வச்சே சொல்றவ நீ!”

“அதைத்தாம்மா சொல்றேன். எல்லாத்து மேலயும் கவனம் போகுது. எது மேல வைக்கணுமோ அது மேல வைக்கத் தெரியல.” கோப்பையைக் கீழே வைத்தாள். “இந்த வேலை போச்சுன்னா என்னம்மா பண்ணுவேன்? அந்த சீட்ல உக்கார்றப்ப மட்டும்தான் நான் சரியா இருக்கேன்.”

வழக்கமாக இப்படிச் சொன்னால் பின்னாலேயே ஒரு சிரிப்பு வரும். அன்று வரவில்லை. நானும் திமிங்கலத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

டாக்டரிடம் நேரம் வாங்கினாள். சரியான நேரத்துக்குப் போய் நின்றாள். நாள்தான் மாறிவிட்டது, அவள் வர வேண்டியது முந்தின நாள். வரவேற்பில் இருந்த பெண் கோபப்படவே இல்லையாம். “இங்க இது சகஜம்ங்க,” என்று வேறு நாள் கொடுத்தாளாம்.

பார்த்துப் பேசிய டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். பெரியவர்களுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க, சின்ன வயதிலேயே இருந்ததா என்று தெரிய வேண்டும், அப்போது கூட இருந்த யாராவது வந்து சொன்னால் நல்லது என்றார். அவள் அப்பா உயிரோடு இல்லை. அண்ணன் கடல் கடந்து இருக்கிறான். மிச்சம் இருந்த ஒரே சாட்சி நான். குடும்பத்தில் ஒரு பீதி பரவியது என்றுதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வெளியூரிலிருந்து போன் செய்தார்.

“அத்தை, ஒரு சின்ன விஷயம். டாக்டர்கிட்ட மட்டும் நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க.”

“நான் எப்ப மாப்பிள்ளை மாத்திச் சொன்னேன்?”

“ஒண்ணுமில்லை அத்தை,” என்று போனை வைத்துவிட்டார்.

டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது இவள் மூன்று பத்திரிகைகளின் முதல் பக்கத்தை மட்டும் படித்தாள். கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்று எழுந்து போய்ப் பார்த்தாள். மீன்தொட்டிக்குள் ஒரு மீன் மட்டும் ஏன் ஓரமாக இருக்கிறது என்று கவலைப்பட்டாள். கூப்பிட்டபோது நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன்.

டாக்டர் ரொம்பச் சின்னவர். ஷூ நாடாவை அவரே கட்டிக்கொள்வாரா என்று சந்தேகப்படும் வயது. அதாவது முப்பத்தைந்து இருக்கும்.

“சின்னப் பொண்ணா இருந்தப்ப இவங்க எப்படிம்மா?”

எனக்குள் தாய் விழித்துக்கொண்டாள். யாரோ என் பெண்ணைக் குறை சொல்ல வந்திருக்கிறார் என்று தோன்றிவிட்டது. “தங்கம் டாக்டர்! ஒரு புகார் கிடையாது. வகுப்புல முதல் மாணவி.”

“அம்மா. பதினேழாவது.”

“முதல் பதினேழுல ஒருத்தி.”

டாக்டர் சிரித்தார். “பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது மறந்து வச்சிட்டுப் போவாங்களா?”

“ஒருநாள்கூட இல்லை.” இது உண்மை. சத்தியமான உண்மை. அதனால் சற்று நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

“பையை யாரு எடுத்து வைப்பாங்க?”

“நான்தான்.”

“வீட்டுப்பாடம்?”

“பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். நான் எழுந்தா அவளும் எழுந்துடுவா. அதனால நான் எழுந்திருக்கவே மாட்டேன்.”

“காலையில கிளம்பறப்ப?”

“ஒவ்வொண்ணா சொல்லணும் டாக்டர். பல்லைத் தேய். சட்டையைப் போடு. இப்ப இன்னொரு கையையும் விடு. சொல்லலைன்னா ஒரு கை உள்ள, ஒரு கை வெளிய, அப்படியே ஜன்னலைப் பாத்துட்டு நிப்பா.”

“எந்த வயசு வரைக்கும் இப்படிச் சொன்னீங்க?”

பத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பத்து என்றால் அழகாக இருக்கும். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். இவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கல்யாணத்தன்னைக்குக் காலையில வரைக்கும்,” என்றேன்.

“அதுக்கப்புறம்?”

“மாப்பிள்ளை.”

“இப்ப அவர் எங்க இருக்கார்?”

“வெளியூர்ல லிஃப்ட் மாட்டறார்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என் வாழ்நாளில் நான் சொன்ன கதைகளிலேயே மிகச் சின்னது அதுதான். கேட்டவர் இவ்வளவு கவனமாகக் கேட்டதும் அதைத்தான். மகள்தான் முதலில் பேசினாள்.

“அப்போ என் பக்கத்து சீட்லயும் எப்பவும் யாரோ ஒருத்தர் பிரேக் மேல கால் வச்சிட்டே இருந்திருக்காங்க டாக்டர். நான்தான் தனியா ஓட்டறேன்னு நினைச்சிட்டிருந்திருக்கேன்.”

அன்றே எதுவும் முடிவாகிவிடவில்லை. ரத்தப் பரிசோதனை, தூக்கம் பற்றிய விசாரணை, மாப்பிள்ளையோடு போனில் பேச்சு என்று இன்னும் சில தடவை போய்வந்தாள். பிறகுதான் டாக்டர் ஏடிஎச்டி என்று உறுதியாகச் சொன்னார். வெளியே வந்து காரில் உட்கார்ந்தவள் சாவியைப் போடாமல் முன் கண்ணாடியையே பார்த்தாள்.

“நான் சோம்பேறி இல்லையாம்மா.”

“யாருடி உன்னைச் சோம்பேறின்னது?”

“கணக்கு டீச்சர். அத்தை. அண்ணன். நீ.”

“நானா!”

“நீ பாசமா சொன்னே.”

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கொஞ்சம் அழுதாள். அப்புறம் வண்டியை எடுத்தாள்.

மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். முதலில் பசி போயிற்று, வாய் உலர்ந்தது. டாக்டர் அளவை மாற்றிக் கொடுத்தார். “எப்படிடி இருக்கு?” என்று கேட்டேன். “மழை நிக்கலம்மா. வைப்பர் ஓடுது,” என்றாள். மாத்திரையோடு, பழக்கங்களை மாற்றிக்கொள்ள உதவும் ஆலோசகர் ஒருவரிடமும் போகிறாள். அவர் சொல்லி, ஞாபகத்தில் வைக்க வேண்டியதையெல்லாம் போன் அலாரத்தில் ஏற்றிவிட்டாள். இப்போது அவள் பைக்குள்ளிருந்து எந்நேரமும் ஒரு பறவைக் கூட்டமே கத்துகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நம் பேச்சு எப்போது முடிய வேண்டும் என்றுகூட ஒரு குயில் சொல்கிறது. வேலை முடிந்து ஊர் திரும்பிய மாப்பிள்ளை, காலையில் கதவருகே வந்து வாயைத் திறந்தார். இவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பாவம், அந்த மனிதருக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் போயிற்று. காபி மட்டும் இன்னும் பாதிதான். அதற்கு மருந்து இல்லை போலிருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். முதலாளி ஓடோடி வந்து இவள் கையைப் பிடித்துக் கெஞ்சினார். மருந்தகத்து அம்மா வேறு யாரோடும் டெஸ்ட்டுக்குப் போக மாட்டேன் என்று நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் இவளையே அனுப்பினார்கள். டெஸ்ட்டன்று சூரியனை எழுப்பிவிட்டதே என் மகள்தான். அந்த அம்மா எழுந்திருக்கும் முன்பே போய், வாசலில் காரோடு...

“அம்மா, நிறுத்து.”

இவ்வளவு நேரமும் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அவர் எங்கம்மா கெஞ்சினார்? நான்தான் போய் எனக்கு என்னன்னு சொல்லிட்டு, இன்னொரு தடவை குடுங்க சார்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, சரி, இந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் பாக்கலாம்னார். அந்தம்மாவும் நடுரோட்ல உக்காரல. போன் பண்ணி, ‘வருவீங்கதானே?’ன்னாங்க, அவ்வளவுதான். நானும் சூரியனை எல்லாம் எழுப்பல. எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க, எட்டு மணிக்குப் போனேன். கால்ல ஒண்ணு என் செருப்பு, இன்னொண்ணு உன் மாப்பிள்ளையோடது. ஆனா எட்டு மணி. அதைப் பெருசாக்காதே. எட்டு மணின்னே எழுது.”