ஆய்வுக்குப் போன ஸ்மாரோ

கிரீஸின் தெசலோனிக்கி நகரத்தில் ஸ்மாரோவைக் கேள்வி கேட்காதவர்கள் குறைவு. இளவயதில் போலீஸ் கேட்டது. பிறகு டாக்டர்கள் கேட்டார்கள். ஆண் என்றும் ஆண் பெயரிலும் பதிந்திருந்ததை மாற்றக் கோர்ட்டுக்குப் போனபோது நீதிபதி கேட்டார். எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே கிழவியானவள், எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் திரைச்சீலை தைத்துப் பிழைத்தாள். அதனால், பல்கலைக்கழகத்திலிருந்து ரொக்சானி என்ற பெண் வந்து, "இந்தத் தடவை நீங்க கேள்வி கேக்கணும்" என்றபோது அவளுக்குப் பிடிபடவில்லை.

"யாரைக் கேக்கணும்?"

"திருநங்கைங்க, ஆம்பளையை விரும்புற ஆம்பளைங்க, பொம்பளையை விரும்புற பொம்பளைங்க. அதுல வயசானவங்க எவ்வளவு தனியா இருக்காங்கன்னு ஆய்வு. வெளியாள் போனா வாயைத் திறக்க மாட்டாங்க."

"நான் போனா கதவையே திறக்க மாட்டாங்க, பொண்ணே. பாதிப் பேரோட எனக்குச் சண்டை."

ஆனாலும் சம்மதித்தாள். கேள்வி கேட்கப் போகும் குழுவில் நானும் சேர்ந்தேன். பதில் சொல்பவருக்குப் புத்தி சொல்லக் கூடாது, அவரோடு உறவு வைத்துக்கொள்ளக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று ரொக்சானி பயிற்சி கொடுத்தாள். முகத்தில் எதையும் காட்டாமல் ஸ்மாரோ ஒரு காபிகூடக் குடித்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு முதலில் வாய்த்த வீடு பிரொத்ரொமோஸுடையது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். விதவை அக்கா அந்தூலாவோடு பழைய கோட்டைச் சுவர் பக்கம் குடியிருந்தான். ஒரு காலத்தில் துறைமுகத்து மதுக்கடையில் இரவெல்லாம் எங்களோடு ஆடுவான். காலையில் அவன் ஓட்டும் பஸ்ஸில் நாங்கள் ஏறினால், யாரோ எவரோ என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் கோபம் ஸ்மாரோவுக்கு இன்னும் ஆறவில்லை.

அவன் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சமையலறைக் கதவைச் சாத்தினான். உள்ளே அந்தூலா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாக் கேளு. அக்கா காதுல விழுந்துடும்."

"உன்னைப் பத்தி உள்ளது உள்ளபடி தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

கதவு திறந்தது. தட்டு நிறைய மீனோடு அந்தூலா நின்றாள். சாத்திய கதவுக்குப் பின்னால், உதட்டுச் சாயம் பூசிய பெண்ணோடு தம்பி கிசுகிசுப்பதைப் பார்த்தாள். தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க. இவன் கூப்பிட மாட்டான், நான் கூப்பிடுறேன்."

விஷயத்தைக் கேட்டதும் ரொக்சானி பதறினாள். "போகாதீங்க, ஸ்மாரோம்மா. ஆய்வு கெட்டுடும்."

"சாப்பாடு கெட்டுப்போறதுக்கு அது பரவால்ல" என்று ஸ்மாரோ போனாள். அடுத்த ஞாயிறும் போனாள். பிரொத்ரொமோஸ் வியர்த்து வழிந்தபடி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இலையுதிர் காலம் வரை இப்படியே ஓடியது. ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் அந்தூலா ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து ஸ்மாரோவின் முன்னால் வைத்தாள்.

"எங்கம்மா கம்மல். வீட்டுக்கு வர்ற மருமகளுக்குன்னு வெச்சிருந்தாங்க."

தன்னை யாரும் மணப்பெண்ணாக நினைத்தது அதுவே முதல் தடவை என்று ஸ்மாரோ பிறகு என்னிடம் சொன்னாள். ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியதாம். போடவில்லை. பெட்டியைத் திரும்பத் தள்ளினாள்.

"இது எனக்கில்லம்மா. ஏன்னு இவனே சொல்லட்டும்."

அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் குரலில் பிரொத்ரொமோஸ் சொன்னான்: "அக்கா, எனக்குப் பொம்பளைங்க மேல நாட்டம் கிடையாது. எப்பவும் இருந்ததில்ல."

"அது எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டுப் பையன் கல்யாணத்தன்னிக்கு நீ பட்டினி கெடந்ததை நான் பாக்கலையா?"

"தெரிஞ்சுமா கம்மலை எடுத்துட்டு வந்த?"

"வயசான காலத்துல ஜனங்க எப்படியெப்படியோ மாறுறாங்க. நீயும் மாறியிருப்பேன்னு நெனச்சேன்." பிறகு ஸ்மாரோவின் பக்கம் திரும்பினாள். "அப்போ நீ யாரு?"

ஸ்மாரோ ஒன்றையும் மறைக்கவில்லை. "நான் பொறந்தப்போ பையன்னு எழுதிட்டாங்க."

"எழுதுறவங்களுக்கு என்ன தெரியும்? என் பேரையே தப்பாத்தான் எழுதி வெச்சாங்க. உனக்குச் சீட்டாடத் தெரியுமா?"

தெரியும் என்றதும் அந்தூலாவுக்கு முகம் மலர்ந்தது. கம்மலை மட்டும் மறக்காமல் எடுத்து உள்ளே வைத்தாள்.

அடுத்த வருஷம் அதே கேள்விகளோடு ரொக்சானியே அந்த வீட்டுக்குப் போனாள். உன்னைப் பற்றித் தெரிந்தவர் யார் என்றதற்கு, "எங்க அக்கா" என்று பிரொத்ரொமோஸ் சத்தமாகவே சொன்னான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "இவனுக்கு மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே."

போன வருஷம் அவன் சொன்னது பொய்யா, உண்மையா என்று ரொக்சானி பல நாள் குழம்பினாள். கடைசியில், சிலருடைய தனிமை குறைந்திருக்கிறது, காரணம் தெளிவாகவில்லை என்று அறிக்கை வந்தது. பதில் சொன்னவர் வீட்டில் சாப்பிட்ட குற்றத்துக்காக, ஸ்மாரோ சேகரித்த பதில்களை எல்லாம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆய்வாளர்கள் வரிசையில் அவள் பெயரை மட்டும் நீக்கவில்லை. ரொக்சானி அதற்காக மேலதிகாரிகளோடு சண்டை போட்டாளாம். ஸ்மாரோவுக்கு அதுவே போதுமாக இருந்தது. கோர்ட் கொடுத்த பெயர் முதல்முறையாக அச்சில் வந்திருந்தது.

ஞாயிறுதோறும் அவளும் அந்தூலாவும் சீட்டாடுகிறார்கள். இருவருமே ஏமாற்றுவார்கள், இருவருமே கத்துவார்கள். சத்தம் தாங்காமல் பிரொத்ரொமோஸ் காபிக்கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வீட்டில் தன்னிடம் பேச ஆளே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறான். ஆள் முன்பைவிடக் கொஞ்சம் சதைபோட்டிருக்கிறான்.