கறுப்பு உடுப்புக்காரர் அடிக்காத படம்

கனடாவில், ஸ்காபரோவில் நான் வீடியோக் கடை நடத்திய காலத்தில், படித்தவர்களே என் அலுமாரியைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலிஷ் எழுத்துப் பிடிபடாது. கசெற் மட்டையில் உள்ள படத்தை ஒருமுறை பார்ப்பேன். அடிபாடு, அழுகை, பக்தி என்று தட்டுத் தட்டாகப் பிரித்துவிடுவேன். "அண்ணை தந்தால் நம்பி எடுக்கலாம்" என்ற பெயர்தான் என் கைமுதல். எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒருவன் கடை திறந்த பிறகு அந்தப் பெயரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தேன்.

அப்போதுதான் பழைய ஜப்பான் படம் ஒன்று புதுக் கசெற்றாக வந்தது. பொம்மலாட்டக் கதையை ஆட்களை வைத்து எடுத்தது என்று கொண்டுவந்த ஆள் சொன்னான். மட்டையில் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்து, முகம் மூடிய ஆட்கள். பிறகென்ன, அடிபாட்டுத் தட்டு.

வாரம் தவறாமல் வரும் ஒரு தம்பி சனிக்கிழமை அதை வாடகைக்கு எடுத்துப் போனார். கூட வேலை செய்பவர்களையும் படம் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாராம். ஞாயிறு மத்தியானம், கடை நிறைய ஆட்கள் நிற்க, மனைவியோடு வந்து கசெற்றை மேசையில் போட்டார்.

"என்ன அண்ணை உது? கறுப்பு உடுப்புக்காரர் இப்ப பாய்வாங்கள், இப்ப பாய்வாங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தம். ஒருத்தனும் கை ஓங்கேல்லை. கதவு திறக்கிறாங்கள், பாய் சுருட்டுறாங்கள்! வந்தவங்கள் என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போட்டாங்கள். இனி எனக்கு எதிர்க்கடைதான்."

கடையே என் வாயைப் பார்த்தது. நான் கசெற்றைக் கையில் எடுத்தேன்.

"தம்பி, முழுக்கப் பார்த்தனீரோ?"

"இவர் அரைவாசியிலயே குறட்டை," என்றார் மனைவி. "நான்தான் பார்த்தனான். அவங்கள் சண்டைக்காரர் இல்லை அண்ணை, பொம்மை ஆட்டுற ஆக்கள். கதையில வாற காதலர், அந்த ரெண்டு சீவனும் சேர ஏலாமல் சாகப் போகேக்க, கத்தியை எடுத்துக் குடுக்கிறதும் அவங்கள்தான். ஆனா அதுகளின்ர கண்ணுக்கு அவங்கள் தெரியிறேல்லை. கீழ ஓடுற இங்கிலிஷ் எழுத்து ஒண்டும் நான் வாசிக்கேல்லை. அழுகை மட்டும் நிக்கேல்லை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊர்க் கூத்தில் ஆடுகிறவர்களுக்குப் பின்னாலேயே, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பார். அவரை யார் கணக்கெடுக்கிறார்கள்?

"தங்கச்சிக்கு விளங்கினது உமக்கு விளங்கேல்லை," என்று சொல்லி, எல்லோரும் பார்க்கக் கசெற்றை அழுகைத் தட்டில் வைத்தேன்.

"அங்க வைக்காதேங்கோ," என்று மனைவி கையை நீட்டினார். "இன்னொருக்காக் கொண்டுபோறன். அக்காவுக்கும் காட்ட வேணும்."

"பிறகு எனக்கு," என்றார் பின்னால் நின்ற ஓர் அன்ரி.

தம்பி எதிர்க்கடையை ஒருமுறை பார்த்தார். அதற்குள் மனைவி கசெற்றோடு காரடிக்குப் போய்விட்டார். காரைப் பூட்டித் திறக்கும் திறப்பும் அவரிடம்தான்.